வெள்ளைக் கையுறை

கென்டக்கியில் ஒட்டுத்துணிப் போர்வைகளின் கண்காட்சி. நுழைவுச்சீட்டு முப்பது டாலர், வண்டி நிறுத்தப் பதினைந்து. அழுத காசுக்கு முதல் பரிசு வாங்கிய போர்வையின் பின்புறத் தையலைப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று லொரெட்டா தீர்மானித்திருந்தாள்.

பார்க்க வருகிறவர்கள் போர்வையைத் தொடக் கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர் பெண்கள்தான் புரட்டிக் காட்டுவார்கள்.

"இதைக் கொஞ்சம் புரட்டுங்களேன்."

"இது என் வரிசை இல்லைங்க" என்று ஒரு கையுறைக்காரி நகர்ந்தாள். அடுத்தவளுக்குத் தோள்பட்டை வலி. மூன்றாமவள் கேள்வி முடிவதற்குள் கழிவறைப் பக்கம் ஓடினாள்.

லொரெட்டா நேரே கண்காட்சியை நடத்தும் சங்கத்தின் தலைவி இமோஜினிடம் போனாள். தலைவியின் மார்பில் ஏழு பதக்கங்கள்.

"மண்டபம் பூரா கையுறையாத் திரியுது. புரட்ட ஒரு கை கிடையாதா?"

தலைவி குரலைத் தாழ்த்தினாள். "கத்தாதீங்கம்மா. எங்க தொண்டருங்க பன்னிரண்டே பேர். எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க."

"அப்போ இவங்கள்லாம் யாரு?"

"தொண்டருங்களுக்கு டிக்கெட் கிடையாதில்ல? நாங்க விலையை ஏத்தினதும், ஊரே ஒரு டாலருக்குக் கையுறை வாங்கி மாட்டிக்கிட்டு உள்ள வந்திருச்சு."

"விரட்டி விடுங்களேன்!"

"விரட்டினா நீங்களும் நானும்தான் நிப்போம்."

லொரெட்டா தன் நுழைவுச்சீட்டை எடுத்து நீட்டினாள். "டிக்கெட் வாங்கினது நான் ஒருத்திதானா?"

"ஆமாம்மா, பயங்கர நஷ்டம்" என்று தலைவி அவள் கையை அன்போடு பற்றினாள். "அதனால அடுத்த வருஷம் உங்களுக்கு அறுபது டாலர்."