பச்சைப் புள்ளி

"படிம்மா பிரீதா, சத்தமாப் படி. ஒரு எழுத்து விடாத!"

மருமகள் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஹேமசபேசன் ஆரம்பித்துவிட்டார். அவள் வாங்கி வைத்திருந்த பாக்கெட்டுகள் எல்லாம் சாப்பாட்டு மேசையில் கொட்டிக் கிடந்தன.

ஒரு மாதமாக அவருக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்குகிறது. நேற்று மூச்சே முட்டிவிட்டது. இன்று காலை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "ஆட்டுக்கறி, மாட்டுக்கறி உங்களுக்கு ஆகாது. அலர்ஜி" என்றார்.

"எங்க பரம்பரையிலயே முட்டைகூடத் தொட்டதில்ல டாக்டர்!" என்று குதித்தார் ஹேமசபேசன்.

"அப்போ பாக்கெட் பண்டத்துல ஜெலட்டின் இருக்கான்னு பாருங்க. அதை மாட்டுத் தோல், எலும்புலேர்ந்துதான் எடுப்பாங்க" என்றார் டாக்டர். இது போதாதா? வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது.

"பிஸ்கட்டு. மைதா, சர்க்கரை, பாமாயில்... சைவம்னு பச்சைப் புள்ளி இருக்கு மாமா."

"புள்ளிய யாரு கேட்டா? உள்ள என்ன கலந்திருக்கான்னு படி!"

பதினேழு பாக்கெட் முடிந்தது. பதினெட்டாவது, பேத்திக்கு யாரோ கொடுத்த ஜெல்லி மிட்டாய். பிரீதாவின் குரல் இறங்கியது.

"இதுல ஜெலட்டின்னு போட்டிருக்கு மாமா. ஆனா பிரிக்கவே இல்ல, பாருங்க."

"புடிச்சேன் பாரு! இது பிரிக்காதது. பிரிச்சது எத்தனையோ? ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டுந்தான் எனக்குத் தடிக்குது. அன்னிக்குத்தான் நீ லீவுல வீட்டுல இருக்க, கண்டதையும் தட்டுல வக்கிற. தெற்கு வீதியில நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பேரு இருக்கு. நீ உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு. எம் மவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பிரீதாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

இவ்வளவு நேரமும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஹேமசபேசனின் மனைவி அன்னபூரணி எழுந்து வந்தாள்.

"நீ போயி மூஞ்சியக் கழுவிக்கிட்டு காபி குடிம்மா. யாரும் எங்கயும் போவ வேணாம்" என்று மருமகளை உள்ளே அனுப்பினாள். பிறகு கணவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, சாப்பிட்டு அஞ்சாறு மணி நேரம் கழிச்சுதான் தடிக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சங்கக் கூட்டம்னு கடலூர் போறீங்களே, இனிமே உங்க சிநேகிதர் ராபர்ட் வீட்டுல மட்டன் பிரியாணி வேணாம்னுடுங்க. கோழி, மீனெல்லாம் தாராளமா சாப்பிடலாமாம். நீங்க வெளிய போனதும் டாக்டர்கிட்ட தனியா கேட்டுக்கிட்டுதான் வந்தேன்."