பித்தளை ரோஷம்

"இது நம்ம லைலோட வேலைதான், ஆபீசர். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்!"

ஓரின் கண்ணை மூடவில்லைதான். ஆனால் கெஸ்லர் நீட்டிய காலித் தோட்டாவைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. கராஜில் தன் வேலை மேஜைக்கு முன்னால், ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தத் தோரணைக்கு முன்னால் நீதிபதியே தோற்றுப்போவார்.

வேட்டை சீசன் தொடங்குவதற்கு முன்பே மலையடிவாரத்தில் ஒரு ஆண் எல்க் மானை எவனோ சுட்டுத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். மிச்சம் கிடைத்தது குடலும் இந்த ஒரு பித்தளைக் கூடும்தான். அன்று அந்தப் பக்கம் லைலின் வண்டியைப் பார்த்ததாக ஊரில் பேச்சு. குற்றம் உறுதியானால் லைலுக்கு உரிமம் போகும், துப்பாக்கி போகும், குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளின் தட்டில் கறியும் இருக்காது.

சுட்ட கூட்டை அச்சில் விட்டு மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்தும் குண்டும் அடைத்துத் தோட்டா செய்கிறவர்கள் மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு உண்டு. அதில் தன்னை மிஞ்ச ஆளே இல்லை என்று ஓரின்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். அதனால் வேட்டைத் துறை அதிகாரி கெஸ்லர் சாட்சி கேட்டு அவனிடமே வந்திருந்தார்.

கராஜ் வாசலில் லைல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். ஓரினின் மனைவிக்குத் தம்பி அவன்.

"மாமா, நான் சுடலை மாமா. எனக்காக ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லக் கூடாதா?"

"உன்னைப் பத்தி நல்லதாவா? டேய் மாப்ளே, கூட்டுக்கு எண்ணெய் தடவ மறந்துட்டு அச்சுக்குள்ள சிக்கவெச்சு, அதை எடுக்க என் வீட்டுக்கு ஓடிவர்றவன்தானே நீ? அதுவும் ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

லைல் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்போ கூடு லைலோடதுதான்னு எழுதிக்கலாமா?" என்றார் கெஸ்லர்.

"தாராளமா எழுதுங்க."

கெஸ்லர் பேனாவைத் திறந்தார். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. என்ன கண்றாவி வேலை இது!"

ஓரினின் முகம் லேசாகச் சுளித்தது. "அப்படி ஒண்ணும் மோசமில்லையே..."

"மோசமில்லையா? குண்டு செருகுற கழுத்துப் பக்கம் பாருங்க, நீலம் பாரிச்சுக் கிடக்கு. தீயில கருக்கி வெச்சிருக்கான் மடையன்."

"கருக்கலைங்க, பதம் பண்ணியிருக்கு! நெருப்புல காட்டினா அந்த நிறம்தான் வரும். காட்டாம விட்டாத்தான் கழுத்து வெடிக்கும்."

"ஓகோ. சரி, உடம்பு உப்பியிருக்கே? கடைத் தோட்டாவைவிடப் பெருசா இருக்கு. அச்சுல முழுசா விடச் சோம்பல்பட்டுக் கழுத்தை மட்டும் அமுக்கிட்டு எடுத்திருக்கான்."

"ஐயோ, அதுதாங்க வித்தையே!" ஓரின் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டான். "கழுத்தை மட்டும் இறுக்கணும். உடம்பைத் தொடக் கூடாது. அப்பத்தான் அது அந்தத் துப்பாக்கிக்குன்னே அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி நிக்கும். வேற துப்பாக்கில போட்டா அதோட பூட்டே மூடாது! இதோ நிக்கிறானே, இவனை மாதிரி ஆளுங்கதான் கூட்டை முழுசா உள்ள விட்டு நசுக்குவாங்க. அடியில பளபளன்னு ஒரு வளையம் விழும். அப்புறம் ஒருநாள் ரெண்டாப் பிளந்துக்கும். இதுல வளையம் இருக்கா? நல்லாப் பாருங்க!"

"வளையம் இல்லைதான்," என்றார் கெஸ்லர், கொட்டாவி விட்டபடி. "புதுக் கூடா இருக்கும். ஒரே ஒரு தடவை சுட்டிருப்பான். இதுல என்ன பெரிய திறமை?"

ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யோவ், புதுசாய்யா இது? பதினோரு தடவை சுட்ட கூடுய்யா! பதினோரு தடவை சுட்டும் ஒரு கீறல் உண்டா? இதைப் போய் லைல் செஞ்சான்னு எழுதுறியே, உனக்கு மனசாட்சி இருக்கா? இவன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஒண்ணு செய்ய முடியாதுய்யா!"

மூச்சு வாங்கியது அவனுக்கு. கெஸ்லர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"வெறும் கூட்டைப் பார்த்து அது எத்தனை தடவை சுட்டதுன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது, ஓரின். செஞ்சவனைத் தவிர."

ஓரின் குனிந்து, விழுந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்தான்.

"வாத்தியார் சொன்ன பாடத்தைச் சோதிச்சுடுவோமா?" கெஸ்லர் சுவரில் மாட்டியிருந்த ஓரினின் துப்பாக்கியை எடுத்து, கூட்டை உள்ளே வைத்துப் பூட்டைத் தள்ளினார். முரண்டே இல்லாமல் மூடிக்கொண்டது.

"அன்னைக்கு வண்டியை உங்களுக்கு இரவல் குடுத்ததா லைல் முதல்லயே சொன்னான். நீங்க இல்லைன்னு ஒரேயடியா மறுத்துட்டா அவன் பேச்சு எடுபடாதேன்னுதான் பயந்தோம்."

லைல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"நான்தான் மாமா ஆபீசர்கிட்டச் சொன்னேன்: 'அவரைக் கேள்வியே கேக்காதீங்க, கூட்டைக் குறை சொல்லுங்க, அது போதும்'னு."