எதிர்வீட்டுத் தொட்டி

"உங்கம்மா மாடியில கொரோனா காய்ச்சலோட போட்டுக் கழட்டுன மாஸ்க், கிளவுஸ் எல்லாத்தையும் வெட்டி, கவர்ல கட்டி, தனியா வைக்கணுமாம். அதுக்குன்னு தனி வண்டி வருமாம்," என்றாள் மனைவி.

"அதுவரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்றியா? சின்னப் புள்ள இருக்கிற வீடு!"

உச்சி வெயிலில் தெருவே கதவடைத்துக் கிடந்தது. பூனைநடை நடந்து போய், எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியில் பையைக் கவிழ்த்துவிட்டு வந்தான். பீடை ஒழிந்தது என்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

வாசலில் மகள் கன்னம் உப்ப எதையோ ஊதிக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் விறைக்க நின்றது ஒரு கிளவுஸ்.

"ஏதுடி இது?"

"நம்ம தொட்டியில நிறைய கிடக்குப்பா. எதிர்வீட்டு மாமா காலையில வந்து கொட்டிட்டுப் போனாரு. உன்ன மாதிரியேதான், பூனை மாதிரி நடந்து வந்தாரு."