குமிழி வளையம்

பனிக்குட நீரில் ஸ்பிரிட்டைக் கலந்து, கண்ணாடிக் குழாயை வேகமாகக் குலுக்கி ஸ்டாண்டில் நிறுத்தினாள் லேப் தெபோராள். விளிம்பை ஒட்டிக் குமிழிகள் வளையம் கட்டின. கால் மணி நேரம் அவை உடையாமல் நின்றால், வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நுரையீரல் தேறிவிட்டது என்று அர்த்தம். வெளியே எடுத்தால் மூச்சு விடும். உடைந்தால் பொறுக்க வேண்டும். தாய்க்கோ ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. நில்லு, நில்லு என்று தெபோராளின் உதடு தன்னால் அசைந்தது. கால் மணி நேரமும் குமிழிகள் நின்றன. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா பொன்னுத்தாய் நிமிர்ந்தாள். "புதுப் பவுடர் போட்டுக் கழுவினேன்க்கா. குழாயெல்லாம் எப்படி மின்னுது பாத்தீங்களா?"

"நல்லா அலசினியா?"

"ஒரு தடவை அலசினேன். அதுக்குள்ள தண்ணி நின்னுபோச்சு."

தெபோராள் மறுபடி போனை எடுத்தாள். "டாக்டர், கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கிற நிலைமையில அவ இல்லம்மா. சீக்கிரம் சொல்லு."

சோப்புப் பவுடர் ஒட்டியிருந்தால் அதுவே குமிழி கட்டும், முதல் குழாயை நம்ப முடியாது. தெபோராள், பொன்னுத்தாய் கழுவிவைத்த இன்னொரு குழாயை எடுத்து, வெறும் தண்ணீரும் ஸ்பிரிட்டும் ஊற்றிக் குலுக்கி, முதல் குழாயின் பக்கத்தில் நிறுத்தினாள். அதிலும் வளையம் கட்டியது. வெளியே ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. தெபோராள் குனிந்து, இரண்டாவது குழாயின் கண்ணாடியில் மூச்சுப் படும்படி முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். உடை, உடை என்று உதடு அசைந்தது.