பசியோடு இருக்கும் அட்டை

"யோவ் நைனா! கரை ஏறு, காலு பூரா அட்டை ஏறிடும்!"

கோவில்பதாகை ஏரியில் எருமையைக் குளிப்பாட்ட வந்த கன்னியப்பன் கத்தினார். முழங்கால் தண்ணீரில் லுங்கியை மடித்துக் கட்டி நின்றிருந்தவர் அசையவில்லை.

"ஏறட்டும்னுதாண்ணே நிக்கிறேன். ஒரு மணி நேரமா ரெண்டுதான் கெடைச்சுது."

அவர் பெயர் ஜம்புலிங்கம். நாற்பது வயது இருக்கும். கையிலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு அட்டைகள் நெளிந்தன.

"அட்டை இன்னாத்துக்கு?"

"அம்பத்தூர் கம்பெனியில பிரஸ் மெஷின்ல மாட்டி ஞானகுமாரிக்கு விரல் துண்டாயிடுச்சு. பத்தொன்பது வயசுதான். தைச்சு ஒட்டியாச்சு. ஆனா விரலுக்குள்ள போற ரத்தம் திரும்பி வர மாட்டேங்குது. கருத்துக்கிட்டே வருது. தேங்கின ரத்தத்தை அட்டை உறிஞ்சி எடுத்தா விரல் பொழைச்சுக்கும்."

"டாக்டரா அட்டை கேட்டான்?"

"ஆமா."

"நல்லா கீதே கதை! உன்னைத் தண்ணியில எறக்கிட்டு அவன் ஃபேனுக்கு அடியில குந்திக்கினு கீறானா? வேற வழியே தெரியாதா அவனுக்கு?"

"தெரியலியேண்ணே. தெரிஞ்சிருந்தா நான் ஏன் இங்க நிக்கப் போறேன்?"

ஜம்புலிங்கத்தின் கண்கள் சிவந்திருந்தன. தூங்கி இரண்டு நாளாவது ஆகியிருக்கும். பெற்ற மனம் எப்படித் தவிக்கும் என்று கன்னியப்பனுக்குத் தெரியும். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

"நகரு, நகரு. மனுசன் காலுக்கு எப்போ வர்றது? எருமைன்னா அதுங்க ஓடியாரும்."

எருமையை ஓட்டி, ஆழத்தில் இறக்கினார். அரை மணி நேரத்தில் அதன் தொடையிலும் வயிற்றிலும் அட்டைகள் ஏறின. அவை கடிப்பதற்கு முன்பே ஜம்புலிங்கம் நகத்தால் நெம்பி எடுத்துப் பாட்டிலில் போட்டார்.

"கடிச்சா இன்னா நைனா? எருமைக்கு அதெல்லாம் பழக்கந்தான்."

"வயிறு ரொம்பிட்டா விரல்ல கடிக்காதுண்ணே. பசியோட இருக்கணும்."

பதினோரு அட்டைகள் சேர்ந்தன. ஆஸ்பத்திரி இருக்கும் தெருவைச் சொல்லிவிட்டு, ஈர லுங்கியோடு ஸ்கூட்டரில் பறந்தார் ஜம்புலிங்கம்.

கன்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு பாட்டில் நிறைய அட்டை பிடித்து, ஆவடியில் பஸ் ஏறினார். கொடுத்துவிட்டு, அந்த டாக்டரையும் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவதென்று முடிவு.

வார்டில் ஜம்புலிங்கம் கசங்கிய சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் கையை மடியில் தாங்கியிருந்தார். விரல் நுனியில் ஒரு அட்டை கொழுத்துத் தொங்கியது. கன்னியப்பனைக் கண்டதும் குழந்தை மாதிரி சிரித்தார்.

"வாங்கண்ணே! பாருங்க, செவந்துடுச்சு! காலையில ஊசியால குத்தினதும் செக்கச்செவேல்னு புது ரத்தம் வந்துச்சு!"

கன்னியப்பனுக்குக் கண் கலங்கியது. ஞானகுமாரி வெட்கத்தோடு சிரித்தாள்.

"உம் பொண்ணு கெலிச்சிடுச்சு நைனா! அட்டை கேட்ட அந்த டாக்டரை மட்டும் எனக்குக் காட்டு. நாலு கேள்வி கேட்டுட்டுப் பூடறேன்."

கட்டிலுக்கு மறுபுறம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சகாயமேரி நிமிர்ந்தாள்.

"இது எம் பொண்ணு, அண்ணாத்தே. அவ கையை மடியில வெச்சிக்கினு கீறாரே, அவருதான் டாக்டரு."