கேரட் சாறும் கலர் தண்ணீரும்

கரடியும் பன்றியும் பருத்த உடம்போடும் வீங்கிய மூட்டுகளோடும் அவதிப்பட்டன. கேரட் சாறு அந்த அழற்சியைத் தணிக்குமா என்று முயல் ஆராயத் தொடங்கியது. தினமும் கரடிக்குச் சாறும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பன்றிக்கு அதே நிறத்தில் தண்ணீரும் கொடுத்து, இருவரின் வலியையும் விசாரித்துக் குறித்துக்கொண்டது.

கடைசியில் கரடிக்கு வீக்கம் வடிந்தது. பன்றி நொண்டிக்கொண்டுதான் வந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணே, உங்களுக்குத் தந்தது வெறும் கலர் தண்ணி. நாளையிலிருந்து உங்களுக்கும் சாறு அனுப்புறேன்," என்றது முயல்.

பன்றிக்குக் கோபம் வரவில்லை. "அனுப்பாதே தம்பி, நீயே கொண்டுவா. என்னைப் பார்க்கிறவங்க எல்லாரும் தீனியைக் குறைன்னுதான் சொல்வாங்க. வலிக்குதான்னு கேட்டது நீ ஒருத்தன்தான்."

மறுநாள் முயல் சாற்றோடு வந்தது. குறித்துக்கொள்ள எதுவும் இல்லாதபோதும், வெயில் ஏறும்வரை பன்றியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.