தலைக்கு மேல் போன பந்து

நோலன் கிரபோஸ்கியை அணி கழற்றிவிட்ட செய்தி ரேடியோவில் நாலு விநாடி ஓடியது.

அதுவும் ஆட்டத்தை முன்னின்று நடத்தப்போகும் புதுக் குவாட்டர்பேக் வந்து சேர்ந்த பெரிய செய்திக்கு வாலாக. அந்த மகராசன் விமானத்திலிருந்து இறங்கியதை ஒன்றரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன நிறத்தில் சட்டை, யாருக்கு முதலில் கைகொடுத்தான், சாப்பிட என்ன கேட்டான்.

நோலன் தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தான். மார்ச் மாதப் பனி ஜன்னலுக்கு வெளியே அழுக்காகக் கிடந்தது. அவனுக்கு முப்பத்தாறு வயது.

பதினோரு வருடம் அந்த அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்தவன். வேலை என்னவென்றால், குனிந்து நின்று, இரண்டு காலுக்கும் நடுவே பந்தைப் பின்னால் எறிவது. அது கைக்கு வந்து சேர்ந்தால்தான் பின்னால் இருப்பவர்கள் அதை உதைக்க முடியும். ஒரு ஆட்டத்துக்கு எட்டு முறை, மிஞ்சிப்போனால் பத்து. உதைத்தவன் படம் மறுநாள் பேப்பரில் வரும். எறிந்தவனுடைய பின்பக்கம் எப்போதாவது அந்தப் படத்தின் மூலையில் தெரியும்.

அவன் பெயர் போட்ட சட்டை ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது, அவன் அம்மாவிடம். அவளும் போய்ச் சேர்ந்து மூன்று வருடம்.

காலையிலிருந்து போன் அடிக்கவில்லை. ஏஜென்ட் மட்டும் ஒரு மெசேஜ் போட்டிருந்தான். வருத்தமாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

ரசிகர்கள் வரிசையாக ரேடியோவுக்குப் போன் போட்டார்கள். மார்ச்சில் ஆட்டமே கிடையாது, ஆனால் இந்த ஜனங்களுக்குப் பேச்சு மட்டும் குறையவே குறையாது. புது ஆள் கோப்பையோடுதான் வருவான் என்றான் ஒருவன். கிழிப்பான் என்றான் அடுத்தவன்.

யாராவது ஒருத்தர் தன் பெயரைச் சொல்வார்கள் என்று நோலன் காத்திருந்தான். புகழ வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும். இன்றைக்கு விட்டால் போச்சு, நாளைக்கு அவன் பழைய செய்திகூட இல்லை.

ஒருவர் வாயிலும் வரவில்லை.

கடைசியில் மனசு கேட்காமல் அவனே போன் போட்டான். இருபது நிமிடம் காத்திருக்க வைத்தார்கள். பெயர் கேட்டபோது டேல் என்றான், ஊர் டோனவாண்டா என்றான். குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டான். அதற்கு அவசியமே இல்லை, அவன் குரல் யாருக்குத் தெரியும்!

"வின்ஸ், ரொம்ப வருஷமா கேக்கறேன்ப்பா, இன்னிக்குத்தான் மொத தடவ லைன் கெடச்சிருக்கு. நம்ம கிரபோஸ்கியக் கழட்டி விட்டாங்களே, அதப் பத்தி..."

"எந்த கிரபோஸ்கி?" நிகழ்ச்சி நடத்தும் வின்ஸ் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். "ஓ, பந்து எறிஞ்சு குடுப்பானே, அந்த ஆளா? இன்னுமா இருந்தான்? சரி டேல், வேற ஏதாவது..."

லைனை வெட்டப்போகிறான். சொல்ல வேண்டியதை எல்லாம் நோலன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தான். ஒரு ஆட்டத்துக்குக்கூட வராமல் இருந்ததில்லை, விலா எலும்பு முறிந்தபோதும் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினான், இப்படி. அதை எல்லாம் யார் கேட்பார்கள்? வாயில் வந்ததைச் சொன்னான்.

"சனியன் தொலஞ்சான்னு சொல்லத்தான்யா போன் பண்ணேன்! பிளேஆஃப்ல, கொட்டற மழையில, உதைக்கறவன் தலைக்கு மேல தூக்கிப் போட்டானே பந்த, படுபாவி. அத எப்படிய்யா மறந்தீங்க?"

வின்ஸ் கத்தியே விட்டான்.

"அடக் கடவுளே, அவன்தானா அது!" மேசையை ஓங்கித் தட்டும் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. லாக்கவானாவிலிருந்து ஒருத்தன், தான் அன்று ஸ்டேடியத்திலேயே இருந்ததாகவும், பந்து பறந்ததை இந்த இரண்டு கண்ணால் பார்த்ததாகவும் சத்தியம் செய்தான். இன்னொருத்தன் ரிமோட்டைச் சுவரில் அடித்து உடைத்தானாம். அவன் மனைவி அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாளாம். அது மழை இல்லை, பனி என்று ஒருவன் திருத்தினான். அதற்காக இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

கிரபோஸ்கி, கிரபோஸ்கி என்று ரேடியோ முழுக்க அவன் பெயர்தான். குவாட்டர்பேக்கை மறந்தே போனார்கள்.

நோலன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு திட்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டான். சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

ஆறு மணிக்கு நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஒரு பெண் லைனில் வந்தாள். டோலோரஸ் என்று பெயர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.

"போதும் விடுங்கப்பா. மனுஷன்னா ஒரு தடவ கை தவறாதா? பாவம், இப்ப எங்க தனியா உக்காந்து இதெல்லாம் கேட்டுட்டிருக்கானோ. தம்பி கிரபோஸ்கி, கேக்குதா? நாங்க அத எப்பவோ மன்னிச்சிட்டோம்யா."

நோலன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். ரொம்ப நன்றி என்று ரேடியோவிடம் சொன்னான்.

பதினோரு வருடத்தில் அவன் எறிந்தது ஆயிரத்து நானூறு பந்துகளுக்கு மேல். ஒன்றுகூட யார் தலைக்கு மேலும் போனதில்லை.